மழை வரைபில் நேரம் பிழைத்தால்: ஹைசார்ட்ஸ் மென்பொருள் பற்றிய ஒரு மதிப்பீடு

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு மழையின் அளவு மட்டும் தெரிந்தால் போதாது. அது எத்தனை மணிக்குப் பெய்தது என்பதும் தெரியவேண்டும். கனகராயன் ஆற்றின் மேற்பகுதியில் நள்ளிரவில் கொட்டிய மழை எப்போது குளத்துக்கு வந்து சேரும், வான்கதவு திறக்க நேருமா என்ற கணிப்பெல்லாம் அந்த மணியிலிருந்துதான் தொடங்குகிறது. எனவே கமக்காரருக்கான ஒரு சிறிய மழைப் பக்கத்துக்கு வரைபு மென்பொருள் தேடியபோது, அழகையும் வேகத்தையும் பார்ப்பதற்கு முன் அது நேரத்தை எவ்வாறு கையாள்கிறது என்பதையே பார்த்தோம். அந்தக் கண்ணோட்டத்திலேயே, நோர்வேயில் உருவாக்கப்பட்ட ஹைசார்ட்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வரைபு மென்பொருளை இங்கே மதிப்பிடுகிறேன்.

நாம் எதையும் குறிப்பிடாவிட்டால் ஹைசார்ட்ஸ் நேரத்தை யூரிசி எனப்படும் உலகப் பொது நேரத்திலேயே காட்டும். இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் நிற்பதால், அதிகாலை 4 மணிக்குப் பெய்த மழை முதல் நாள் இரவு 10.30 மணிக்குப் பெய்ததாக வரைபில் தோன்றும். முதன்முறை பார்ப்பவர் இதை மென்பொருளின் பழுது என்றே எண்ணுவார். ஆனால் இது அதன் ஆவணத்தில் தெளிவாக எழுதப்பட்டுள்ள இயல்பு. பக்கத்தில் எந்த வரைபும் உருவாகும் முன், பொது அமைப்புகளில் நேர வலயத்தை ‘ஆசியா/கொழும்பு’ என்று ஒரே வரியில் கொடுத்துவிட்டால், கீழ் அச்சில் வரும் மணியும், புள்ளியின் மேல் சுட்டியை வைக்கும்போது எழும் குறிப்பிலுள்ள மணியும் சேர்ந்தே சரியாகிவிடும்.

இந்த ஒழுங்கை நான் பெரிதும் மதிக்கிறேன். பார்ப்பவரின் உலாவி இருக்கும் நாட்டின் நேரத்தையே பின்பற்றும் வரைபு மென்பொருள்களும் உண்டு. சார்ட் ஜேஎஸ் அவ்வாறானது. ரொறன்ரோவில் இருக்கும் மகன் தொலைபேசியில் பார்க்கும் மழை, கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பின்தள்ளித் தெரிந்தால், முரசுமோட்டையில் இருக்கும் தகப்பனோடு அவர் அந்த மழையைப் பற்றி எப்படிப் பேசுவது? குளம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்து நேரமே எல்லோருக்கும் தெரியவேண்டும். ஹைசார்ட்ஸ் அதை எளிதாகச் செய்துதருகிறது.

ஆயினும் அமைப்பைச் சரியாகக் கொடுத்த பின்னரும் நேரம் பிழைக்குமானால், குற்றம் பெரும்பாலும் வரைபுக்கு வந்து சேரும் தரவில் இருக்கும். பிழை எவ்வளவு என்று அளந்து பார்த்தால் காரணம் தானாகவே வெளிப்படும். வரைபு ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக் காட்டினால், பதிவுக் கருவி உள்ளூர் நேரத்தையே யூரிசி என்று பெயரிட்டுச் சேமித்திருக்கிறது. வரைபு அதன்மேல் மீண்டும் ஐந்தரையைக் கூட்டுகிறது. வித்தியாசம் சரியாக அரை மணித்தியாலமாக இருந்தால், அரை மணி வலயங்களை எண்ணிப் பாராத ஒருவர் எங்கோ 5 அல்லது 6 என்று முழு எண்ணை எழுதியிருக்கிறார். எல்லாப் புள்ளிகளும் 1970 ஜனவரியில் குவிந்தால், மில்லிசெக்கனில் வரவேண்டிய எண் செக்கனில் வருகிறது. அதை ஆயிரத்தால் பெருக்கினால் போதும். ஜாவாஸ்கிரிப்ட் மாதங்களைச் சுழியத்திலிருந்து எண்ணுவதால், நவம்பர் மழை டிசம்பரில் போய் நிற்பதும் உண்டு. திகதி 2000 ஜனவரி 1 என்று வந்தால் நிரலைத் தேடவேண்டியதில்லை. பதிவுக் கருவியின் மணிக்கூட்டுச் சிப்புக்கான சிறிய பற்றரியை மாற்றவேண்டும். மின்சாரம் அடிக்கடி நின்று வரும் இடங்களில் இந்தப் பற்றரியை மாரிக்கு முன்பே பார்த்துவைப்பது நல்லது. சோதித்துப் பார்க்க எளிய வழியும் ஒன்றுண்டு: மழையில்லாத நாளில், நேரத்தைக் குறித்துக்கொண்டு மழைமானிக்குள் ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றி, அந்த நீர் வரைபில் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று பார்க்கலாம்.

நாளாந்த மழையைத் தூண்களாக வரையும்போது இன்னும் கூடிய கவனம் வேண்டும். சேர்வர் நாளை யூரிசி நள்ளிரவில் பிரித்தால், எங்கள் காலை 5.30 மணிக்கே நாள் மாறும். விடியற்காலை மழை முழுவதும் முதல் நாளின் தூணில் ஏறிவிடும். வளிமண்டலவியல் திணைக்களமோ காலை 8.30 மணியோடு முடியும் 24 மணித்தியாலத்தையே நாளாந்த மழைவீழ்ச்சியாகக் கணக்கிடுகிறது. ஆகவே உங்கள் தூணையும் திணைக்களத்தின் எண்ணையும் ஒப்பிட விரும்பினால், சேர்வரில் நாளின் எல்லையை யூரிசி 3.00 மணிக்கு வைத்துக் கூட்டியெடுக்கவேண்டும். இந்தக் கூட்டலை வரைபு உங்களுக்காகச் செய்து தரும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

வன்னிக்கே உரிய சிக்கல் ஒன்று பழைய பதிவேடுகளில் இருக்கிறது. 1996 மே மாதத்தில் இலங்கை நேரம் ஆறரை மணி முன்னாலும், அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆறு மணி முன்னாலும் என மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் இருந்த வன்னிப் பகுதிகளில் அந்த ஆண்டுகளிலும் பழைய ஐந்தரை மணி நேரமே புழங்கியது. ‘ஆசியா/கொழும்பு’ வலயம் அரசின் மாற்றங்கள் அனைத்தையும் நினைவில் வைத்திருப்பதால், மல்லாவியில் 2001 இல் காலை 8 மணி என்று கையால் எழுதப்பட்டு, ஐந்தரை மணி வித்தியாசத்தோடு யூரிசிக்கு மாற்றப்பட்ட அளவீடு வரைபில் 8.30 மணி என்று வரும். மென்பொருள் இங்கே பிழை செய்யவில்லை. அதற்கு எங்கள் வரலாறு தெரியாது. அத்தகைய தொடர்களுக்கு ‘ஆசியா/கொல்கத்தா’ வலயத்தைக் கொடுத்தால், ஏட்டில் எழுதிய மணியே திரையிலும் வரும். வவுனியா நகர் போன்ற அரச கட்டுப்பாட்டுப் பகுதிகளின் பதிவுகளை இதனுடன் கலக்காமல் தனியே வைக்கவேண்டும்.

குறைகளையும் சொல்லவேண்டும். இதன் பங்குச்சந்தைப் பதிப்பு, புள்ளிகளைச் சம இடைவெளியில் அடுக்குவதையே இயல்பாகக் கொண்டிருப்பதால், உணரி மூன்று நாள் நின்றுபோனாலும் அந்த வெறுமை வரைபில் சுருங்கி மறைந்துவிடும். நீர்மட்டம் காட்டுபவர்கள் அந்த அமைப்பை நிறுத்தியே ஆகவேண்டும். தமிழில் மாதப் பெயர்களும் கிழமைப் பெயர்களும் வேண்டுமானால் பழைய பதிப்புகளில் நாமே எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. 12 ஆம் பதிப்பிலிருந்து மொழி அமைப்பில் தமிழைக் குறிப்பிட்டால் போதும். வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டண உரிமம் தேவை என்பதால், கமக்காரர் அமைப்புகளும் பாடசாலைகளும் தங்கள் பயன்பாடு எந்த உரிமத்தின் கீழ் வருகிறது என்பதை வாசித்து உறுதிசெய்துகொண்டு தொடங்குவது நல்லது.