புராஸ்டேட் புற்றுநோய்க்கு உணவுத்திட்டம் வாங்கப்போகிறீர்களா? எங்கள் 68,400 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் நோய்க்கு உணவுத்திட்டம் விற்ற ஆட்கள் இன்று மதியம்தான் என் எண்ணை பிளாக் செய்தார்கள். 68,400 ரூபாய். இந்தப் பணம் சேர எத்தனை வெட்டுத் தேங்காய் வண்டி ஏற வேண்டும் என்று கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவுக்கு 67 வயது. போன வருடம் ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 7.2 வந்தது. ஆண்களுக்கு சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கிற புரதம் அது, கூடினால் புற்றுநோயாக இருக்கலாம். ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்க்கிற பயாப்ஸியில் புற்றுநோய்தான் என்று தெரிந்தது, கிளீசன் 6. நோயின் வீரியத்தைக் காட்டுகிற எண் அது, 6 என்றால் வீரியம் குறைவு. பாலக்காட்டில் பார்த்த யூராலஜி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: இது மெதுவாக வளர்கிற வகை, இப்போதைக்கு ஆபரேஷனும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பாருங்கள், ஒரு வருடம் கழித்து மறுபடி பயாப்ஸி எடுக்கலாம். இங்கிலாந்தில் 1,600 பேருக்கு மேல் 15 வருடம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023-ல் வந்ததாம். கண்காணிப்பில் இருந்தவர்கள், ஆபரேஷன் செய்தவர்கள், கதிர்வீச்சு எடுத்தவர்கள், மூன்று கூட்டத்திலும் நூற்றுக்குச் சுமார் 97 பேர் இந்த நோயால் சாகவில்லை. அதையும் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் புற்றுநோய் என்று சொல்லிவிட்டு ஒரு மாத்திரைகூட எழுதித் தராமல் அனுப்பினால் எந்த வீட்டில் தூக்கம் வரும்? அம்மா தினமும் கேட்டது ஒரே கேள்வி: "அப்பாவுக்கு என்ன ஆக்கிப் போடறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் விற்கிற கடை ஒன்று ஃபோனுக்குள் இருந்தது. வீடியோ போட்டு ஆள் பிடித்து, வீட்டுக்கே பெட்டி அனுப்புகிற 'இயற்கை உணவு ஆலோசனை மையம்'. பெயரை இங்கே எழுதவில்லை. அந்த வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

சாயங்காலம் ஒரு பெண் கூப்பிட்டார். நம்ம கோயம்புத்தூர்ப் பேச்சு. என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "ஐயாகிட்ட குடுங்க, நானே கேட்டுக்கறேனுங்க" என்றார். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். காலையில் என்ன சாப்பிடுவீர்கள், கள்ளு உண்டா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீர்கள், பயமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒண்ணுக்குப் போகிற சிரமத்தை எங்கள் யாரிடமும் சொல்லாத மனுஷன், அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் அந்தப் பெண், "எங்கப்பாவுக்குச் செய்யற மாதிரி செய்யறமுங்க ஐயா" என்றார். ஃபோனை வைத்ததும் அப்பா என்னைப் பார்த்து, "பணத்தப் போட்டு உட்டுரு சாமி" என்றார். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் 68,400 ரூபாய் என்று இப்போது தோன்றுகிறது.

அமெரிக்காவில் டீன் ஆர்னிஷ் என்ற டாக்டர் 2005-ல் வெளியிட்ட ஆய்வையும் அந்தப் பெண் சொன்னார். அது உண்மையான ஆய்வுதான். இதே மாதிரி ஆரம்ப நிலையில் இருந்த 93 பேரில் ஒரு பகுதியினருக்கு பால்கூட இல்லாத முழுச் சைவ உணவு, நடை, யோகா எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்கு பி.எஸ்.ஏ. சராசரியாக 4 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 6 சதவீதம் கூடியது. 4 சதவீதம் என்றால் 7.2 சுமார் 6.9 ஆகும். அவ்வளவுதான். அந்தக் கணக்கை அந்தப் பெண் போட்டுக் காட்டவில்லை. "பி.எஸ்.ஏ. பாதியாகக் குறையாவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும்" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார்.

முதலில் பதிவுக்கு 18,400. பிறகு '90 நாள் மீட்புத் திட்டம்' என்று 50,000. பெட்டியில் தக்காளிப் பொடி, ஏதோ விதைப் பொடி, வைட்டமின் ஈ மாத்திரை, அப்புறம் பெயரில்லாத பழுப்பு கேப்சூல் ஒரு டப்பா. அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்றோ, லைசென்ஸ் எண்ணோ கிடையாது. பால், முட்டை, மத்தி, எண்ணெய் எதுவும் சாப்பிடக் கூடாது. தேங்காயும் கூடாதாம்! தோப்புக்காரன் வீட்டில் தேங்காய் இல்லாமல் குழம்பு. அதையும் அம்மா செய்தார்.

மூன்று மாதத்தில் பி.எஸ்.ஏ. 3.1. வீட்டில் பாயசம் வைத்தோம். மையத்துக்காரர்கள் உடனே அப்பாவைப் பேசவைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். கூடவே, "இனி பயாப்ஸி எதுக்குங்க, ஊசி குத்தினா பரவிரும்" என்றும் சொன்னார்கள்.

நல்லவேளை, அம்மா விடாமல் பாலக்காட்டுக்குக் கூட்டிப்போனார். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சந்தோஷப்படவில்லை. அப்பாவின் எடை எட்டு கிலோ குறைந்திருப்பதைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார்: "மார்பில் வலி உண்டோ? காம்பு தொட்டால் நோகுதா?" அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். வெட்கப்பட்டு அதை அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

காய்கறி தின்று யாருக்கும் இப்படி ஆகாது, பெண் ஹார்மோன் உள்ளே போனால் ஆகும், பி.எஸ்.ஏ.-வும் இறங்கும் என்றார் டாக்டர். 1990-களில் அமெரிக்காவில் பி.சி.-ஸ்பெஸ் என்று எட்டு மூலிகை சேர்ந்த கேப்சூல் இதே நோய்க்கு விற்றதாம். சாப்பிட்டவர்களுக்கு பி.எஸ்.ஏ. கடகடவென்று இறங்கியது. சோதித்துப் பார்த்தால் சில தொகுதிகளில் செயற்கை ஈஸ்ட்ரோஜன், வலி மாத்திரை, ரத்தம் உறையாமல் செய்கிற வார்ஃபரின் எல்லாம் கலந்திருந்தன. 2002-ல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். எங்கள் கேப்சூலை நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம். அடுத்த பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 7.8.

உணவால் இந்த நோய் நிற்குமா என்று நேராகவே கேட்டேன். 478 பேரை இரண்டு வருடம் பார்த்த ஆய்வு 2020-ல் வந்திருக்கிறது. ஒரு கூட்டத்துக்கு ஃபோனில் ஆலோசனை சொல்லிச் சொல்லிக் காய்கறியைக் கூட்டினார்கள். நோய் முன்னேறுவதில் வித்தியாசமே இல்லை. 2024 கடைசியில் இன்னொன்று: 100 பேர், மீன் எண்ணெயும் ஒமேகா-3 கூடிய உணவும். செல் பெருகும் வேகத்தைக் காட்டுகிற ஒரு அளவு 15 சதவீதம் குறைந்தது, ஆனால் கிளீசன் மாறவில்லை. வைட்டமின் ஈ பற்றிக் கேட்டதும் டாக்டர் முகம் சுளித்தார். 35,000 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது என்று 2011-லேயே சொல்லிவிட்டார்களாம். "காய்கறி நல்லது, நடக்கறது நல்லது, இதயத்துக்காகச் செய்யணும். மத்தி சாப்பிட்டுக்கோங்க, மருந்துன்னு மட்டும் நினைக்க வேண்டாம்" என்றார். அதற்கு அவர் வாங்கியது ஓ.பி. சீட்டுக் காசு.

பணத்தைக் கேட்டபோது ஆரம்பித்தது அடுத்த கூத்து. "பி.எஸ்.ஏ. குறைஞ்சதுல்லங்க, அப்புறம் என்ன ரீஃபண்ட்?" நிறுத்தியதும் ஏறிவிட்டதே என்றால், "நீங்க நிறுத்தினது உங்க தப்பு." மார்பு வலியைச் சொன்னால், "அது உடம்புல இருக்கற நஞ்சு வெளியேறுதுங்க." கேப்சூலில் என்ன இருக்கிறது என்றால், "அது குருநாதர் ரகசியம்." ஐயாவிடம் ஒரு மணி நேரம் பேசிய பெண் எங்கே என்றால், "அவங்க இப்ப இங்க இல்லீங்க." பில்லைப் பார்த்தால் மருந்து என்ற பேச்சே இல்லை, 68,400 ரூபாயும் 'ஆலோசனைக் கட்டணம்'. கேஸ் போடுவதாகச் சொன்னேன், எங்கள் ஊர் கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும் என்று சிரித்தார் ஒருவர். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. பாலக்காட்டில் போடப்போகிறேன். புற்றுநோய் குணமாகும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அப்பா பேசிய வீடியோ இன்னும் அவர்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து எத்தனை பேர் 68,400 கட்டினார்களோ.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது தெம்பில்லை. சேர்மானம் எழுதாத கேப்சூல் எதையும் வாயில் போடாதீர்கள். பயாப்ஸி வேண்டாம் என்று சொல்கிறவன் பேச்சைக் கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள், நீங்கள் கேப்சூல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. எண்ணை வைத்து அவரால் எதுவும் சொல்ல முடியாது. பணம் போயிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஃபோன் அடித்துப் புகார் பதியுங்கள். வேலந்தாவளத்தில் ஒருவர் இதே டப்பா வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், அவர் இதயத்துக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராம். தெரிந்தவர்கள் யாராவது இன்றைக்கே அவரிடம் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள். மீதிக் கேப்சூலைத் தூக்கிப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.