முதல் ஸ்கை டைவ்: கேமரா யார் கையில் இருக்க வேண்டும்?

சித்தி மகள் போன வாரம் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. அடுத்த மாதம் இவளும் அங்கே போகிறாள். போனதும் முதல் வேலையாக விமானத்தில் ஏறி 13,000 அடி உயரத்தில் இருந்து பாராசூட்டோடு குதிக்கப் போகிறாளாம். காபி டம்ளரை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டாள்: "அண்ணா, உங்க கோப்ரோ கேமராவைக் குடுங்க. நெஞ்சுல கட்டிக்கிட்டு குதிக்கிறேன்."

தரமாட்டேன் என்றேன். முகம் வாடிப்போய்விட்டது. கடலூர், புதுச்சேரி பக்கம் 11 வருஷமாகக் கல்யாண வீடியோ எடுப்பவன் நான். பட்டாயா பக்கம் ஒருமுறை குதித்தும் இருக்கிறேன். அந்த இரண்டையும் வைத்து அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சொந்தக் கேமரா. முதல் முறை குதிப்பவர்கள் பெரும்பாலும் டாண்டம் முறையில்தான் குதிக்கிறார்கள். அதாவது இன்ஸ்ட்ரக்டரின் ஹார்னஸோடு (உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டைகள்) நம் ஹார்னஸை நான்கு இடத்தில் மாட்டி, அவர் முதுகில் இருக்கும் பாராசூட்டில் இருவரும் இறங்குவது. மாட்டி முடித்ததும் நம் பின்மண்டை அவருடைய தாடைக்குக் கீழே வந்துவிடும். அப்படியிருக்க, தலையில் கேமரா வைத்தால் பாராசூட் குடை விரியும் உதறலில் அது நேராக அவர் முகத்தில் இடிக்கும். நெஞ்சில் கட்டலாம் என்றால், கேமரா பட்டை வர வேண்டிய இடத்தில்தான் ஹார்னஸின் மார்புப் பட்டை குறுக்கே ஓடுகிறது. சரி, மணிக்கட்டில்? இன்ஸ்ட்ரக்டரின் ஹார்னஸில் அவசரக் கைப்பிடிகள் இருக்கின்றன: மெயின் குடை கோளாறானால் அதை அறுத்துவிட ஒன்று, மாற்றாக வைத்திருக்கும் ரிசர்வ் குடையை விரிக்க ஒன்று. பதற்றத்தில் கையை வீசும்போது நம் கேமரா அதில் எதிலாவது சிக்கினால் ஆபத்து இரண்டு உயிருக்கும்தான்.

காற்றின் வலு இன்னொரு விஷயம். கடலூர்–புதுச்சேரி சாலையில் பைக்கில் 80-ல் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பாருங்கள், தலையைப் பின்னால் தள்ளும். குதிக்கும்போது வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். வேகம் இரண்டரை மடங்கானால் காற்றின் அழுத்தம் ஆறு மடங்குக்கு மேல். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கிளிப் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. கழன்று விழுந்தால் கீழே யார் தலையிலோ.

அமெரிக்கப் பாராசூட் சங்கம், தனியாகக் குதிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கே 200 முறை குதித்த பிறகுதான் கேமரா என்கிறது. காரணம் எடையோ விலையோ அல்ல, கவனம். 1988-ல் வட கரோலினாவில், நூற்றுக்கணக்கான முறை குதித்த ஒருவர், மாணவர் ஒருவர் குதிப்பதைப் படம் பிடிக்கும் மும்முரத்தில் பாராசூட் மாட்டாமலே விமானத்தை விட்டு வெளியே வந்து உயிரிழந்தார். இதை அவளிடம் சொன்னபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணத்தில் தாலி கட்டுகிறவன் கையில் கேமரா கொடுப்போமா? அவன் வேலை வேறு. ஆகவே இந்த வழி கிடையாது. ஒழுங்கான இடங்களில் கேட்டாலும் விடமாட்டார்கள். செல்போனும் அப்படித்தான், பாக்கெட்டில்கூட வேண்டாம்.

மிச்சம் இரண்டு. இன்ஸ்ட்ரக்டரின் மணிக்கட்டில் மாட்டும் ஹேண்ட்கேம் ஒன்று. நம்மோடு கூடவே குதித்து, எதிரில் பறந்துகொண்டே ஹெல்மெட் கேமராவில் எடுக்கும் ஆள் இன்னொன்று. வெளி கேமராமேன் என்று வைத்துக்கொள்வோம்.

படமாகப் பார்த்தால் வெளி கேமராமேன்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. விமானத்தின் கதவோரம் நாம் உட்கார்ந்திருப்பது, அந்தரத்தில் சாய்வது, பின்னால் விமானம் சின்னதாகிப் போவது என்று முழு ஃப்ரேமும் கிடைக்கும். கை இடுக்கில் துணி வைத்த ஜாக்கெட் போட்டிருப்பார். கையை விரித்து, மடக்கி, விழும் வேகத்தை நம் வேகத்தோடு ஒட்டவைப்பார். இரண்டு கையும் அதற்கே வேண்டும் என்பதால் பல்லில் கடிக்கும் ஒரு சுவிட்சால் போட்டோ எடுப்பார். என் தொழிலில் இருப்பவன் பார்த்து மலைக்கிற திறமை அது. விமானத்தில் ஒரு இடமும் ஒரு ஆளின் கூலியும் சேருவதால் செலவு கூடுதல்.

பட்டாயாவில் நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். அதில் என்ன இல்லாமல் போனது என்று எனக்கே ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்கு டிவியில் போட்டுக் காட்டினேன். விழுகிறேன், விழுகிறேன், குடை விரிகிறது, நான் மேலே இழுபட்டு ஃப்ரேமை விட்டுப் போகிறேன். அடுத்த காட்சியில் தரையில் சறுக்கி உட்காருகிறேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "நடுவுல எப்படிடா வந்தே?"

அந்த நடுவுதான் வீடியோவில் இல்லை. 5,000 அடி வாக்கில் நம் குடை விரியும்போது வெளி கேமராமேன் விழுந்துகொண்டே இருப்பார். இன்னும் தாழப் போய்த் தன் குடையை விரித்து, நமக்கு முன்பே தரை சேர்ந்து, நாம் இறங்குவதை எடுப்பார். விழுவது ஒரு நிமிஷம்கூட இல்லை. குடையில் மிதப்பதோ ஐந்தாறு நிமிஷம். காது அடைத்த இரைச்சல் சட்டென்று நின்று, இன்ஸ்ட்ரக்டர் இடுப்புப் பட்டையை லேசாகத் தளர்த்தி, குடையைத் திருப்பும் பிடியை என் கையில் கொடுத்தார். அப்போதுதான் நான் வாய்விட்டுப் பேசினேன், அம்மாவையும் கூப்பிட்டேன். அது எங்கும் பதிவாகவில்லை. இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

ஹேண்ட்கேமில் இது முழுக்கக் கிடைக்கும். கேமரா முகத்துக்கு ஒரு கை தூரத்தில் இருப்பதால், குடை விரிந்த பிறகு பேசுவது தெளிவாகக் கேட்கும். விழும்போது எந்தக் கேமராவிலும் காற்றுச் சத்தம் மட்டும்தான். குறை என்று பார்த்தால், அகல லென்ஸ் பக்கத்தில் வருவதால் மூக்கு பெரிதாகத் தெரியும், கன்னச் சதை கொடியில் காயும் துணி மாதிரி படபடக்கும். ஒரே கோணம்தான். குடையை விரிக்கும் நேரத்தில் அவர் கைக்கு முதல் வேலை அதுதான், அதனால் சில நொடி படம் எங்கோ போகும். போகட்டும், அது போக வேண்டிய நேரம்தான். சுற்றிலும் எல்லாப் பக்கத்தையும் ஒன்றாக எடுக்கும் 360 டிகிரி கேமராவை இன்ஸ்ட்ரக்டர் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. கோணப் பிரச்சினை அதில் குறையும், எடிட்டிங் வேலை கூடும்.

காசு பிரச்சினை இல்லையென்றால் இரண்டையும் எடுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் ஹேண்ட்கேம் என்பேன். இன்ஸ்டாகிராமில் நாலு பேர் நின்று பார்க்க வேண்டும் என்றால் வெளி கேமராமேன் எடுத்ததுதான் நிற்கும். ஆனால் முதல் முறை குதிக்கிறவருக்கு, பத்து வருஷம் கழித்துத் தேடும்போது வேண்டியது தன் குரலும் முகமும்தான்.

பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: எடிட் செய்த இரண்டு நிமிஷ வீடியோ மட்டுமா, அல்லது எடுத்தது முழுவதுமா? நான் இதைக் கேட்கவில்லை. பாட்டு போட்டு வெட்டிய துண்டு ஒன்றைத்தான் கொடுத்தார்கள். மீதியைக் கேட்டபோது கார்டை அழித்தாயிற்று என்றார்கள். பென் டிரைவ் கொண்டுபோய், கிளம்பும் முன் அங்கேயே திறந்து பாருங்கள்.

தங்கை கடைசியில் ஹேண்ட்கேமுக்கு ஒப்புக்கொண்டாள். "அப்ப உங்க கோப்ரோ எதுக்குமே வேணாமா?" என்றாள். தரையில் நிற்கும் மாப்பிள்ளைக்குக்கூட அது வேண்டாம், அகல லென்ஸில் குடை கொசு மாதிரி தெரியும் என்றேன். அவர் போனில் மூன்று மடங்கு ஜூம் இருக்கிறது, அது போதும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். குடையின் நிறத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளட்டும், ஒரே விமானத்தில் இருந்து நாலைந்து குடை வரும், எது இவள் என்று மேலே பார்த்தால் தெரியாது.