கெடே மலைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

ஜகார்த்தாவிலிருந்து கெடே பங்ராங்கோ தேசியப் பூங்காவுக்குப் போக நினைப்பவர்கள் கவனிக்கவும். “அனுமதி, வழிகாட்டி, கூடாரம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம், கிப்பன் குரங்கு கட்டாயம் காட்டுவோம்” என்று வாட்ஸ்அப்பில் யாராவது அழைத்தால், முதலில் அனுமதிச் சீட்டின் நகலைக் கேளுங்கள். வரும்வரை ஒரு ரூபியாகூட அனுப்பாதீர்கள். நாங்கள் மூவரும் கேட்டபோது “அசல் வாசலில் கிடைக்கும்” என்று சொல்லி முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டார்கள்.

கெடே 2,958 மீட்டர் உயரமுள்ள, இன்னும் அடங்காத எரிமலை. பங்ராங்கோ 3,019 மீட்டர். சிகரம் ஏறுபவர்கள் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். ஒவ்வொருவருடைய பெயர், பாஸ்போர்ட் எண், ஏறும் நாள், இறங்கும் நாள், எந்த வாசல் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு. அருவி மட்டும் பார்த்துத் திரும்புபவர்களுக்கான பகல்நேர டிக்கெட் வேறு. விலையும் மிகக் குறைவு. மோசடி நடப்பது இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

பூங்காவின் சிபோடாஸ் வாசலில் வழிகாட்டி மூன்று சீட்டுகளை மடித்தபடியே நீட்டினான். காவலர் அவற்றை மேசையில் விரித்து, விரலால் ஒரு வரியைத் தொட்டு எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்: சிபெரூம் அருவி. எங்கள் பெயரும் இல்லை, பாஸ்போர்ட் எண்ணும் இல்லை. சிகரத்துக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு அருவி டிக்கெட்டை எடுத்திருக்கிறார்கள்!

அந்த ஆளுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. எங்களைத் தனியே அழைத்து, “காய்கறித் தோட்டங்கள் வழியாக ஒரு பாதை இருக்கிறது, இருட்டியதும் ஏறிவிடலாம்” என்றான். முடியாது என்றோம். பதிவேட்டில் பெயர் இல்லாமல் மேலே போய்க் காலை உடைத்துக்கொண்டால், நாம் மலையில் இருப்பதே யாருக்கும் தெரியாது. தேடுவதற்கு யார் வருவார்கள்? இரவில் உச்சியில் அடிக்கிற குளிரும் விளையாட்டு அல்ல.

சரி, வந்ததற்கு அருவியையாவது பார்க்கலாம் என்று நடந்தோம். காட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரசமாலா மரங்கள் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். மேகம் இறங்கி வர வர, பாசி போர்த்திய கிளைகளிலிருந்து மழையே இல்லாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் நம் ஆள் பையிலிருந்து ஒரு ஒலிபெருக்கியை எடுத்து, பதிவு செய்த கிப்பன் குரலை ஒலிக்கவிட்டான். “நிச்சயம் காட்டுவோம்” என்றதன் லட்சணம் இதுதான். கிப்பன்கள் தங்கள் எல்லையை விட்டுக்கொடுக்காதவை. அந்நியக் குரல் கேட்டால் கலவரப்பட்டுப் போகும். ஜாவா கிப்பனோ அழியும் ஆபத்தில் இருக்கும் இனம். எதிரே வந்த இந்தோனேசியப் பெண்மணி ஒருவர் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். எங்களுக்கே பாதி கோபம் தணிந்தது.

இன்னொன்று: ஜாவா கிப்பன்கள் பெரும்பாலும் 1,600 மீட்டருக்குக் கீழுள்ள காடுகளில் வாழ்பவை. சிகரப் பயணத்தில் கிப்பன் “கட்டாயம்” என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் குரங்கும் தெரியாது, மலையும் தெரியாது. பூங்காவின் போடோகோல் பக்கம் போனால் வாய்ப்பு உண்டு. அங்கும் யாரும் உறுதி தர முடியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “பூங்காவுக்குள் போனீர்கள், அருவியும் பார்த்தீர்கள், பிறகென்ன?” என்று பதில் வந்தது. வழங்காத கூடாரத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்ன கணக்கு என்று கேட்டேன். இரண்டு நாள் மௌனம். பிறகு, எங்கும் எழுதாமல் இருந்தால் பாதித் தொகை தருவதாகப் பேரம் பேசினார்கள். இதை எழுதிவிட்டதால் அந்தப் பாதியும் இனி வராது.

அதே ஆட்கள் இப்போது பிப்ரவரி மாதச் சிகரப் பயணத்துக்கு முன்பணம் வாங்குகிறார்கள். வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் வரை, காடு தேறுவதற்காகவும் மழைக்காகவும், மலையேற்றத்தையே மூடிவைப்பார்கள். விளம்பரப் படத்தில் ஒரு பெண் கைநிறைய எடல்வைஸ் பூக்களோடு சிரிக்கிறாள். அந்தப் பூவைப் பறிப்பதே அங்கே தடை. மூடும் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் பூங்கா அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவையும் அவர்களுடைய இணையதளத்தில் உங்கள் கையாலேயே செய்துவிட்டு, வழிகாட்டியைப் பிறகு தேடுங்கள்.