பழைய கணினிக்கு நான்கு வழிகள்: விண்டோஸ் 10-இல் நீடிப்பதா, 11-ஐத் திணிப்பதா, வேறு வாங்குவதா, மின்ட் போடுவதா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுத்தியதிலிருந்து, திருநெல்வேலியில் பாளையங்கோட்டையிலும் ஜங்ஷன் பக்கத்திலும் விண்ணப்பம் நிரப்பி அச்செடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்கள் சந்தித்தால் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. எங்கள் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் இன்டெல் நான்காம் அல்லது ஆறாம் தலைமுறை ஐ3 கணினிகள்; விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். ஆகவே இருப்பதிலேயே நீடிக்கலாம், விதியைத் தாண்டி 11-ஐ ஏற்றலாம், வேறு கணினி வாங்கலாம், அல்லது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். நான் மின்ட் போட்டுவிட்டவன். ஆதலால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

வைரஸ் பயம், வேகம், விலை ஆகியவை எல்லோரும் அறிந்தவை. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்றைப் போட்டால் எந்த இயங்குதளமும் வேகமாகத்தான் ஓடும் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன். எங்களைப் போன்ற கடைக்குத் தீர்ப்பு சொல்வது ஒன்றே ஒன்று: பிரவுசர் எதுவரை புதுப்பிக்கப்படும் என்பது.

"மெஷின் நல்லாத்தானே ஓடுது அண்ணாச்சி, எதுக்கு மாத்தணும்?" என்று வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திய மறுநாளே எந்தக் கணினியும் நின்றுவிடுவதில்லை. எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது; குரோம் அதைக் கைவிட்டது 2016 ஏப்ரலில். விண்டோஸ் 7-க்கு இலவச ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது; 2023 ஜனவரியில் வந்த குரோம் 109-தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு. இடைப்பட்ட இரண்டு மூன்று ஆண்டுகளும் சுகமாகவே கழியும். பிறகுதான் தொல்லை தொடங்கும். முகவரிப் பட்டைக்குக் கீழே, இனிப் புதுப்பிப்பு வேண்டுமென்றால் அடுத்த விண்டோஸ் தேவை என்று ஓர் அறிவிப்பு வரும். அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்போம். பிளஸ் டூ முடிவு வந்து கூட்டம் நெரியும் மே மாதத்தில், ஏதாவது ஒரு விண்ணப்பத் தளத்தில் புகைப்படத்தை ஏற்றிய பின் 'சமர்ப்பி' பொத்தான் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். எழுத்துப்பிழையா, இணையம் மந்தமா என்று நாம் தேடிக்கொண்டிருப்போம்; தளத்தைப் புதிதாக எழுதியவர்கள் பழைய பிரவுசருக்குத் தெரியாத கட்டளைகளைப் பயன்படுத்தியிருப்பதே காரணமாக இருக்கும். அதே விண்ணப்பம் மாணவரின் கைபேசியில் சிக்கலின்றிப் போய்விடும். கடைக்காரனுக்கு இதைவிடத் தலைகுனிவு வேறில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 10-இல் நீடிப்பது நான் முதலில் நினைத்த அளவுக்கு மோசமில்லை. தன் எட்ஜ் பிரவுசருக்கு விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் குறைந்தது 2028 அக்டோபர் வரை புதுப்பிப்பு தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்துள்ளது. ஆனால் பிரவுசர் மட்டும் புதிதாக இருந்து அடியிலுள்ள இயங்குதளத்தின் ஓட்டைகள் அடைபடாமல் போனால், ஊரார் ஆதார் நகல்களைக் கையாளும் கணினியில் அது பொறுப்பான ஏற்பாடாகாது. வீட்டுப் பயனாளர்களுக்கு இயங்குதளத்தின் பாதுகாப்புப் புதுப்பிப்பில் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. 30 டாலர் கட்டியோ, மைக்ரோசாப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்து இலவசமாகவோ பெறலாம். நிறுவனங்களுக்கோ முதல் ஆண்டில் கணினி ஒன்றுக்கு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் அதில் இரட்டிப்பு. மூன்று ஆண்டுகளையும் கூட்டினால் 427 டாலர். அந்தப் பணத்துக்கு எட்டாம் தலைமுறைக் கணினியையே வாங்கிவிடலாம்.

11-ஐத் திணிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றுவது எளிது. ஆனால் தகுதியற்ற கணினிக்கு ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வந்து சேராது. ஒவ்வொரு முறையும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு நாமே உட்கார வேண்டும். ஹோம், புரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆதரவு இரண்டே ஆண்டுகள். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, சில கட்டளைகள் இல்லாத மிகப் பழைய பிராசஸர்களில் தொடங்கவே மறுத்தது. அடுத்த பதிப்பு எதைக் கேட்கும் என்று காத்திருக்கும் நிலையில் கடை நடத்த எனக்கு விருப்பமில்லை.

வேறு கணினி வாங்குவது கையில் பணம் இருந்தால் நல்ல வழிதான். புதுப்பித்து விற்கும் எட்டாம் தலைமுறைக் கணினிக்கு இங்கே 15,000 முதல் 20,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். மேசைக்கு மேசை மாற்றுவதென்றால் சிறு கடைக்குத் தாங்காது.

மின்ட் 22, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடியாகக் கொண்டது. 2029 வரை அதற்கு ஆதரவு உண்டு. அதற்குப் பிறகும் அதே கணினியில் அடுத்த பதிப்புக்குப் போகலாம் என்பதே என்னை இழுத்தது. குரோம், பயர்பாக்ஸ் இரண்டும் அன்றன்றைய பதிப்பில் கிடைக்கின்றன. 4 ஜிபி ராம் போதும். ஆனால் 64 பிட் பிராசஸர் கட்டாயம். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்வது சில நிமிட வேலை. லினக்ஸ் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம்: தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்தவர்கள் குறைவு என்பது வேறு கதை.

இனி மின்ட்டின் குறைகள். பிரிண்டர் முதல் தலைவலி. எச்பி பிரிண்டர்களுக்கு அந்நிறுவனமே தரும் எச்பிலிப் தொகுப்பு பெரும்பாலும் உடனே வேலை செய்கிறது. என்னிடமுள்ள இன்னொரு சிறு லேசர் பிரிண்டருக்கோ லினக்ஸ் டிரைவர் பழையது. ஒரு நாள் அச்சிடும், மறுநாள் வரிசையில் நிறுத்திவைத்துக்கொள்ளும். எனவே மின்ட்டைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, உங்கள் பிரிண்டரையும் ஸ்கேனரையும் சோதித்த பிறகே டிஸ்க்கில் ஏற்றுங்கள். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றில் என் அனுபவம் மிகக் குறைவு. அவற்றை நம்பித் தொழில் செய்பவர்கள் என் பேச்சைக் கேட்டு மாற வேண்டாம். டாலி மென்பொருளில் கணக்கெழுதும் டவுண் மண்டிக்காரர்களுக்கும் இது பொருந்தாது. அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. அவர்கள் அந்த ஒரு கணினியை மட்டும் மாற்றிக்கொள்வதே சிக்கனம்.

கல்யாணப் பத்திரிகை வேலைக்கு ஒரு விண்டோஸ் 7 கணினியை நானும் இன்னும் வைத்திருக்கிறேன். அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருள், இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடை அறியாது. பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் ஏராளம், அவற்றைக் கேட்டு வரும் குடும்பங்களும் உண்டு. அந்தக் கணினியில் இணைய வயரைக் கழற்றிவிட்டேன். முடித்த பத்திரிகையைப் பிடிஎஃப் ஆக்கி, அதற்கென்றே ஒதுக்கிய பென் டிரைவில் மின்ட் கணினிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.