ஏற்காடு ஏறும் லாரியில் கியர்பாக்ஸை நாமே பிரித்துக் கட்டினால்: இரண்டாண்டு ஓட்டத்தில் தெரிந்தவை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். லோடு ஏற்றிய ஆறு கியர் லாரி ஒவ்வொரு வளைவிலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும், வளைவு தாண்டியதும் மறுபடி மூன்றுக்குப் போகும். ஏற்றத்தில் மட்டும் 40 மாற்றம். மலை ஓடும் வண்டியில் 2, 3 கியருக்கான கோன் (கியர் விழும்முன் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம்) முதலில் தேய்வது இதனால்தான். கோனை மட்டும் மாற்றிய கியர் பெட்டி சில மாதத்தில் அதே கரகரப்போடு திரும்பி வருகிறது. கோனோடு சேர்ந்து வேலை செய்யும் ஸ்லீவ் (நகர்ந்து கியரைப் பூட்டும் வளையம்), அதன் உள்ளே இருக்கும் ஹப், சாவி, ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து மாற்றி, கிளட்சையும் சரிசெய்த பெட்டி இரண்டாண்டு கடந்தும் நிற்கிறது. செலவு கூடும்தான், ஆனால் பெட்டியை இரண்டாம் முறை இறக்கும் கூலியை நினைத்தால் அது பெரிதில்லை.

பெட்டியைத் தொடுவதற்கு முன் கிளட்சைப் பாருங்கள். ஐடிலில் கிளட்சை முழுதாக மிதித்து, 5–6 விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடவும். அப்போதும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். கோன் மேல் பழி போட வேண்டாம். நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால் டாப் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து பெட்டிக்குள் வரும் தண்டு) அல்லது லே ஷாஃப்ட் (அது சுழற்றும் கீழ்த் தண்டு) பேரிங். மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்.

ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருப்பது இயல்பு. ஊசி போன்ற இரும்புச் சில்லு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தால் தங்கத் தூள் போல மின்னும். அதுதான் கோன்.

இறக்கும்போது சக்கரங்களுக்குக் கட்டை, புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் ஃபிளேஞ்சில் அடையாளக் கோடு, கீழே கியர்பாக்ஸ் ஜாக்கி. 100 கிலோவைத் தாண்டும் பெட்டியைக் கைபலத்தில் இறக்கப் பார்ப்பவர்கள் விரலை இழக்கிறார்கள். தலை வெட்டிய நீள போல்ட் இரண்டை பெல் ஹவுசிங்கில் (கிளட்சை மூடும் கூடு) வழிகாட்டியாக மாட்டினால் பெட்டி நேராக வெளியே வரும், நேராக உள்ளே போகும். பெட்டியின் பாரம் டாப் ஷாஃப்ட் வழியாகக் கிளட்ச் பிளேட்டில் தொங்க ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். பிளேட்டின் ஹப் வளைந்து, புது கிளட்சே விடாமல் இழுக்கும்.

உள்ளே முதலில் கோன் இடைவெளி. கோனை அதன் கியரில் அமுக்கிச் சுழற்றி, இரண்டுக்கும் நடுவே மூன்று இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.8 மி.மீ.க்குக் கீழே போனால் பல பெட்டிகளில் அந்தக் கோன் முடிந்தது. உங்கள் பெட்டிக்குரிய எல்லை சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். கியரின் கோன் முகம் நீலம் பாய்ந்து வழவழத்திருந்தால் புதுக் கோனும் பிடிக்காது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மூன்றாம் கியர் வெளியே தள்ளுகிறதா? நாய்ப்பல் (ஸ்லீவ் வந்து பூட்டும் கியரின் சிறு பல்) முனை மழுங்கியிருக்கும், அல்லது ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க்கின் பாதம் தேய்ந்திருக்கும், அல்லது மெயின் ஷாஃப்ட்டில் முன்பின் ஆட்டம் இருக்கும். மூன்றையும் பார்க்காமல் டாப் கவர் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது வீண்.

ஸ்லீவை உருவும்போது துணி சுற்றிக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் பறக்கும். பேரிங்கை 80–100 டிகிரி ஆயிலில் சூடாக்கி மாட்டவும். 120-ஐத் தாண்டக்கூடாது, சுத்தியல் கூடவே கூடாது. சர்க்லிப், சீல் எல்லாம் புதிது. ஒரு நேரத்தில் ஒரு கியரை மட்டும் விழவிடும் இன்டர்லாக் பின் ஒன்று விட்டுப்போனால் இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்து பெட்டி பூட்டிக்கொள்ளும். மூடுவதற்கு முன் கையால் சுழற்றி, எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

ஆயில்தான் இங்கே அதிகம் தவறும் இடம். பின் ஆக்சிலின் கிரவுன் கியருக்கு வாங்கிய ஜிஎல்-5 ரக கியர் ஆயில் மிச்சம் இருக்கிறதென்று பித்தளைக் கோன் உள்ள பெட்டியிலும் ஊற்றுகிறார்கள். அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் பித்தளையை அரிக்கும். வழுக்கலும் கூடுவதால் கோன் பிடிக்காது. இந்தப் பெட்டிகள் பெரும்பாலானவற்றுக்கு ஜிஎல்-4 ரகத்தில் 80டபிள்யூ-90 தடிமன் ஆயில் போதும். சமதரையில் நிறுத்தி, லெவல் துளையில் வழியும் வரை மட்டும் ஊற்றவும். முதல் 2,000 கிலோமீட்டரில் ஒருமுறை மாற்றிவிட்டால் புது உலோகத்தூள் வெளியேறிவிடும்.

புது சீல் போட்டும் ஒழுகினால் பிரீதரை (பெட்டியின் காற்றுத் துளை மூடி) கழற்றிப் பாருங்கள். மாக்னசைட் ஏற்றும் வண்டிகளில் தூசி அதை அடைத்து, உள்ளழுத்தம் சீலைத் தள்ளுகிறது.

மார்கழிக் காலையில் ஏற்காட்டிலிருந்து கிளம்பும்போது முதல் சில மாற்றங்கள் இன்னமும் கனமாகத்தான் விழுகின்றன. ஆயில் சூடானதும் சரியாகிவிடுகிறது. அதற்காகப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம்.