ரெண்டு லட்சத்து எண்பத்தையாயிரம்: தொழிலுக்குப் புத்தகம் போட நினைக்கிற ஆக்கள் ஒருக்கா வாசியுங்கோ

நேற்றுப் பின்னேரம் கொழும்பு பஸ்ஸில ஒரு பெட்டி வந்தது. பரந்தன் சந்தியில காத்து நிண்டு, கொண்டக்டருக்கு ஏத்துகூலியும் நானே குடுத்து இறக்கினன். நான் எழுதி, அச்சடிக்கக் காசு குடுத்த புத்தகம், 470 வரவேணும். கடைக்குக் கொண்டந்து பிரிச்சு எண்ணினா 90. இன்னொருக்கா எண்ணினன். 90தான். இரவு முழுக்க நித்திரை இல்லை, விடியக் கடை திறக்க முதல் இதை எழுதுறன். எழுத்துப்பிழை இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ. அந்தப் புத்தகத்தில கிடக்கிற பிழையளுக்கு இது ஒண்டுமில்லை.

போன காசு 285,000 ரூபா.

என்னைத் தெரியாத ஆக்களுக்கு: விசுவமடுப் பக்கம் தண்ணி இறைக்கிற மிசின், லாண்ட் மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மிசின், மருந்தடிக்கிற மிசின் திருத்துற கடை வைச்சிருக்கிறன். 2011 இல மீளக்குடியேறி வந்து ஒரு வேப்பமரத்துக்குக் கீழ நாலு ஸ்பானரோட தொடங்கினது. வேலை பழகினது அதுக்கும் எவ்வளவோ முந்தி, சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில. பெற்றோல் இல்லாத ஊரில, காபரேட்டருக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட விட்ட ஆக்கள் நாங்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்க பிழை எண்டு சொல்லுவன். போனில கதைச்ச ஒருத்தன்ர குரலில என்ன பிழை எண்டு மட்டும் பிடிக்கத் தெரியாமப் போச்சு.

புத்தக ஆசை சும்மா வரேல்லை. 2018 மார்கழி வெள்ளத்தில இரணைமடுக் குளத்துக் கதவு எல்லாம் திறந்தவை, ஞாபகம் இருக்கும். அதுக்குப் பிறகு கடை வாசல் முழுக்கச் சேறு அப்பின மிசினுகள். கொண்டந்த சனம் பாதிப்பேர் வீட்டில ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாத்திட்டுத்தான் கொண்டந்தவை. தண்ணி போன எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக்கூடாது, முதல் பிளக்கைக் கழட்டிச் சுத்தித் தண்ணியை வெளியால எடுக்கோணும், ஓயிலை மாத்தோணும் எண்டு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லி எனக்குத் தொண்டை போட்டுது. பிறகு 2022 ஆவணியில மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து ஒரேயடியா 340 ஆனது. அப்பவும் அதே கதைதான், எண்ணெயை எப்பிடி மிச்சம் பிடிக்கிறது எண்டு ஆள் மாறி ஆள் வந்து கேட்டினம். ரெண்டு சீ.ஆர். கொப்பி வாங்கி இரவில எழுதத் தொடங்கினன். தலைப்பு, கடைக்கு வாற எல்லாரும் கேக்கிற கேள்விதான்: ‘மிசின் ஏன் தண்ணி இழுக்கேல்லை?’

அதோட கடைக்கும் ஒரு விளம்பரம் எண்டு நினைச்சன், அதை மறைக்கேல்லை. ரவுணில கண்ணாடி போட்ட பெரிய கடையள் வந்திட்டுது. நோட்டீஸ் அடிச்சா அண்டைக்கே வடை சுத்தப் போயிடும். புத்தகத்தை எங்கட சனம் எறியாது. பின்னட்டையில கடைப் பேரும் போன் நம்பரும் போட்டா ஒவ்வொரு கமக்காரர் வீட்டு அலுமாரியிலயும் கிடக்கும்.

இப்ப அந்த ஆக்கள். பேர் போடேல்லை, மகன் வேண்டாம் எண்டிட்டான். முகநூலில விளம்பரம் வரும்: ‘உங்கள் தொழிலை நூலாக்குங்கள், எழுத்து முதல் வெளியீட்டு விழா வரை எல்லாம் எங்கள் பொறுப்பு’. கொழும்பு விலாசம். தட்டச்சு, அட்டைப்படம், அச்சு, இணையத்தில விற்பனை எண்டு எல்லாத்தையும் ஒண்டாக் கட்டி ‘பக்கேஜ்’ எண்டு விக்கிற வகை. அட்டைப்படங்கள் நல்ல வடிவு, அதைச் சொல்லத்தான் வேணும்.

நான் விழுந்த இடத்தை வடிவாச் சொல்லுறன், ஏனெண்டா நீங்களும் அதிலதான் விழுவியள். முதல் நாள் போன் எடுத்த தம்பி காசைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை. “அண்ணை எந்த இடம்?” எண்டார். விசுவமடு எண்டன். “ஐயோ, நானும் புதுக்குடியிருப்புப் பெடியன்தான் அண்ணை” எண்டார். வட்டுவாகல் பாலம் இப்ப எப்பிடிக் கிடக்கு எண்டு கேட்டார். அம்மா வருசா வருசம் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாறவவாம், இவருக்குத்தான் லீவு கிடைக்கிறேல்லையாம். அரை மணித்தியாலம் கதைச்சிருப்பம். கடைசியில, “அண்ணை, உங்களிட்ட இருக்கிறது அனுபவம். இது அழியக்கூடாது. காசு கிடக்கட்டும், முதல் கொப்பியை அனுப்புங்கோ” எண்டார். எனக்குக் கண் கலங்கிட்டுது. இத்தனை வருசமாக் கையில கிறீசோட நிக்கிறவனை ஒருத்தர் அப்பிடிச் சொன்னது அதுதான் முதல் தரம்.

அவர் புதுக்குடியிருப்போ இல்லையோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது.

மூண்டு நாளால காசுக் கதை வந்தது. 500 புத்தகம், 285,000 ரூபா. முதல் 85,000. தட்டச்சு முடிய 120,000. அச்சுக்குப் போக முதல் 80,000, அதுக்குள்ள ஐ.எஸ்.பி.என்., அதாவது புத்தகத்தின்ர அடையாள நம்பர், எடுக்கிற செலவும் அடக்கமாம். முதல் காசு கடையில இருந்தது. நடுக்காசு சீட்டு எடுத்துக் கட்டினது. கடைசிக் காசுக்கு மனுசியின்ர காப்பு ரெண்டையும் அடைவு வைச்சன். “இஞ்சருங்கோ, ஆளை நேரில ஒருக்காப் பாத்திட்டுக் குடுங்கோவன்” எண்டு மனுசி சொன்னவ. கொழும்புக்குப் போய்வர ஒரு நாள் கடை பூட்டோணும் எண்டு நான்தான் சாட்டுச் சொன்னன். மூண்டு தரமும் காசு போனது ஒரு தனியாளின்ர வங்கிக் கணக்குக்கு. கொம்பனிப் பேரில கணக்கு இல்லையோ எண்டு கேட்டதுக்கு, “வரிப் பிரச்சினை அண்ணை” எண்டார். ஓம் எண்டிட்டன். கடைக்கு வாற ஒருத்தர் அப்பிடிச் சொன்னா நான் கடனுக்கு ஒரு பிளக்கும் குடுக்கமாட்டன்.

கடைசிக் காசு போட்டதோட தம்பி ஆள் மாறினார். முதல், “அச்சகத்தில கடதாசி இல்லை.” ரெண்டு கிழமை. பிறகு, “டொலர் ஏறிட்டுது, பொறுங்கோ.” பிறகு, “மெசின் பழுது.” அதைக் கேட்ட உடன எனக்குச் சிரிப்பும் வந்தது. “என்ன மெசின், என்ன பழுது? சொல்லும், நான் வந்து திருத்தித் தாறன்” எண்டன். போன் கட்டாச்சு. அதுக்குப் பிறகு வேற ஒரு பிள்ளை எடுத்து, “சேர், உங்கட பைல் டிசைன் டிப்பார்ட்மென்டில இருக்கு” எண்டா. அண்ணையா இருந்த நான் சேர் ஆகிட்டன். அப்பவே விளங்கியிருக்கோணும்.

அச்சுக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு ஒரு வேர்ட் பைல் அனுப்பிச்சினம், ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஓகே சொல்லட்டாம். போனில திறந்தா இங்கிலீஸ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கு. ஒண்டும் வாசிக்கேலாது. “அது பாமினி எழுத்துரு அண்ணை, போனில அப்பிடித்தான் காட்டும், அச்சில சரியா வரும்” எண்டினம். நம்பி ஓகே சொன்னன். எழுத்துரு உள்ளுக்க வைச்ச ஒழுங்கான பீ.டி.எப். எண்டா எந்தப் போனிலயும் தமிழாத்தான் தெரியும் எண்டு இப்ப மகன் சொல்லுறான். அச்சில 63, 64 ஆம் பக்கம் அதே இங்கிலீஸ் எழுத்தோடதான் வந்திருக்கு.

வெளியீட்டு நாளை நினைச்சாத்தான் வயிறு எரியுது. மண்டபம் எடுத்து, கமக்காரர் அமைப்புத் தலைவர், கிராம சேவையாளர், கோயில் ஐயா எல்லாருக்கும் அழைப்பு குடுத்தாச்சு. நயவுரைக்கு ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். அண்டு விடிய பஸ்ஸில வந்தது 30 புத்தகம். “மிச்சம் ரெண்டு நாளில.” சரி எண்டு மங்கள விளக்கேத்தி, முதல் பிரதி, சிறப்புப் பிரதி எல்லாம் குடுத்தம். சனம் வரிசையில வந்து உறையைத் தந்து வாங்கிச்சினம். நயவுரைக்கு எழும்பின அதிபர் ஐயா என்ர கொப்பியை முதலே வாசிச்சவர். மேடையில நிண்டு புத்தகத்தைப் பிரட்டினார். பிரட்டின கை ஒரு இடத்தில நிண்டுட்டுது. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பிறகு, “நூலாசிரியர் அயல்நாட்டு விவசாயிகளையும் மனதில் வைத்திருக்கிறார்” எண்டார். சனம் கை தட்டிச்சு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

வீட்ட வந்து பாத்தன். நான் எழுதினது தட்டச்சில 87 பக்கம். அச்சுத்தாள் ஒண்டு மடிக்க 16 பக்கம் வரும், அதால 96 ஆக்கோணும் எண்டு முதலே சொன்னவை. அது சரிதான், அச்சுத்தொழிலில அப்பிடித்தான். ஆனா மிச்ச 9 பக்கத்தையும் ‘மேலதிகத் தகவல்’ எண்டு எங்கயோ இருந்து உருவி நிரப்பியிருக்கினம். ‘உழவர் பெருமக்களே’ எண்டு தொடங்குது. இலவச மின்சார இணைப்புக்கு மின்வாரிய அலுவலகத்தில விண்ணப்பியுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் சான்றிதழ் வாங்குங்கள் எண்டு கிடக்கு. தமிழ்நாட்டில கமத்துக்கு மின்சாரம் இலவசம், அவைக்கு அது சரி. விசுவமடுவில ஒருத்தர் அதைக் கொண்டு மின்சார சபைக்குப் போனா என்ன சொல்லுவினம்? என்ர பேரில, என்ர கடை நம்பரோட!

அதைவிட மோசம் 41 ஆம் பக்கம். கிணத்துத் தண்ணிமட்டத்தில இருந்து மிசின் 25 அடிக்கு மேல இருக்கக்கூடாது எண்டு எழுதினன். மிசின் தண்ணியை இழுக்கிறேல்லை, வெளியில இருக்கிற காத்துத்தான் அமுக்கி ஏத்துது. கணக்குப்படி 34 அடி, நடைமுறையில 25. அதுக்கு மேல எண்டா மிசினைக் கிணத்துக்குள்ள தட்டுக் கட்டி இறக்கோணும். புத்தகம் முழுக்க இந்த ஒரு விசயத்தில நிக்குது. அச்சில 250 அடி. போன கிழமை ஒரு பெடியன் வந்து, “ஐயா, 250 அடி இழுக்கிற மிசின் ஒண்டு எடுத்துத் தாங்கோவன்” எண்டு பகிடி விட்டிட்டுப் போறான்.

படங்களும் பனிமூட்டம். வாட்ஸப்பில படமா அனுப்பினா அது சுருக்கிப் போடும், அச்சுக்குக் காணாது. வாட்ஸப்பில அனுப்பச் சொன்னதே அவைதான்.

ஐ.எஸ்.பி.என். கதை இன்னும் வடிவு. நம்பரை மகன் கூட்டிப் பாத்தான். 13 இலக்கம். முதலாவது, மூண்டாவது, அஞ்சாவது எண்டு ஒண்டுவிட்ட இலக்கங்களை அப்பிடியே எடுக்கிறது, இடையில உள்ளதுகளை மூண்டால பெருக்கிறது, எல்லாத்தையும் கூட்டினா கடைசியில பூச்சியம் வரோணும். எங்கட நம்பரைக் கூட்டினா 113 வருது. நம்பரே பொய்! இலங்கைக்கு 978-955, 978-624 எண்டு தொடங்கும், அதைக் குடுக்கிறது தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபை, கொழும்பு 7 இல. எழுதினவரே நேரடியா விண்ணப்பிக்கலாமாம். எனக்கு ஆர் சொன்னது? ‘அமேசன்ல போடுறம்’ எண்டு அதுக்கும் காசு சேத்தவை. அங்க மின்னூல் ஏத்த அமேசன் காசு வாங்கிறேல்லை.

பிழை திருத்தித் திரும்ப அடிச்சுத் தாங்கோ எண்டு கேட்டன். “நீங்கள் ஓகே சொன்னனீங்கள் சேர்.” பைலையாவது தாங்கோ, நான் வேற இடத்தில அடிக்கிறன் எண்டன். “டிசைன் எங்கட சொத்து சேர்.” இப்ப வாட்ஸப்பில ஒற்றைச் சரி மட்டும்தான் விழுது. நேற்று வந்த 90, அண்டு வந்த 30, எல்லாமா 120. 285,000 ஐ 120 ஆல பிரிச்சுப் பாருங்கோ. ஒரு புத்தகம் எனக்கு 2,375 ரூபா விழுந்திருக்கு. யாழ்ப்பாணத்து அச்சகம் ஒண்டில பிறகு கேட்டன், 500 புத்தகத்துக்கு அதில பாதியும் கேக்கேல்லை.

புத்தகம் போடப் போற ஆக்களுக்கு விரிவா எழுதத்தான் நினைச்சன், கடை வாசலில ஆள் வந்து நிக்குது. கெதியாச் சொல்லுறன். தனியாள் கணக்குக்குக் காசு போடாதேங்கோ. எத்தினை பிரதி, எப்ப, பைல் ஆருக்கு எண்டு கடதாசியில கையெழுத்து வாங்குங்கோ, வாட்ஸப் காணாது. கடைசிக் காசைக் கையில வைச்சுக்கொண்டு, கட்டின ஒரு மாதிரிப் புத்தகம் கேளுங்கோ. அதை முதல் பக்கத்தில இருந்து கடைசி வரைக்கும், இலக்கம் இலக்கமா வாசியுங்கோ. ஐ.எஸ்.பி.என். நீங்களே எடுங்கோ. கிட்ட உள்ள அச்சகத்துக்கு நேர போங்கோ. ஏமாந்திட்டியள் எண்டா பாவனையாளர் அதிகாரசபை நம்பர் 1977, நானும் இண்டைக்கு எடுக்கப்போறன். சிட்டை மூண்டும் பத்திரமாக் கிடக்கு.

வெளியீட்டில புத்தகம் வாங்கின 30 பேருக்கும்: 41 ஆம் பக்கத்தில 250 எண்டு இருக்கிறது 25. 88 ஆம் பக்கத்தில இருந்து 96 வரை என்ர எழுத்தில்லை, கிழிச்சு விடுங்கோ. கடைப்பக்கம் வந்தா கொண்டாங்கோ, நானே பேனையால வெட்டித் திருத்தித் தாறன். உறையில வைச்ச காசு திரும்ப வேணுமெண்டாலும் கூச்சப்படாமக் கேளுங்கோ, ஆர் எவ்வளவு எண்டு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன்.