சிஆர்-வி மைலேஜ்: 2012, 2017, 2020 ஹைபிரிட் மூன்றையும் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் வீட்டில் அடுத்தடுத்து ஓடியது ஹோண்டாவின் எஸ்யூவி காரான சிஆர்-விதான். முதலில் 2012 மாடல், அப்புறம் 2017, இப்போது 2020 ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் உள்ளது). மூன்றுமே ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வகை) என்பதால் ஒப்பிட வசதி. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் "எந்த வருஷ மாடல் நல்ல மைலேஜ் தரும்?" என்று கேட்கும்போது, ஊருக்குள் அதிகம் ஓட்டுவீர்களா, ஹைவேயிலா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இபிஏ) தரும் அளவுகளை 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பார்த்தால் காரணம் புரியும். ஊருக்குள் 2012 மாடல் 10.7 லிட்டர் குடிக்கும், 2017 மாடல் 8.7. ஹைபிரிட்டுக்கு 5.9 போதும். ஹைவேயிலோ 7.8, 7.1, 6.7 என்று மெதுவாகத்தான் இறங்குகிறது. இத்தனை வருஷ முன்னேற்றத்துக்கு ஹைவேயில் கிடைத்தது ஒரு லிட்டர் சொச்சம்தான்! ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது சக்கரத்துக்குப் போகும் சக்தியில் பெரும்பகுதியைத் தின்பது காற்றின் எதிர்ப்பு. உயரமான வண்டிக்கு அதிலிருந்து தப்ப வழியில்லை. ஹைபிரிட்டில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரம் தயாரித்து பேட்டரியில் சேமிக்கும் என்கிறார்கள், சரி, ஹைவேயில் பிரேக் பிடிப்பதே அபூர்வம். அந்த வேகத்தில் பெரும்பாலும் என்ஜின் ஒரு கிளட்ச் வழியாக நேரே சக்கரத்தை ஓட்டுகிறது, கிட்டத்தட்ட சாதா பெட்ரோல் வண்டி மாதிரிதான்.

2017இல் வந்த 1.5 லிட்டர் டர்போவைப் பற்றிப் பெரிதாகப் பேசினார்கள். ஆனால் உண்மையான தாவல் அதற்கு முன்பே நடந்துவிட்டது. 2015இல் அதே 2.4 லிட்டர் அளவில், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் புது என்ஜினும், பழைய 5 கியர் ஆட்டோமேட்டிக்குக்குப் பதில் சிவிடியும் (தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) வந்தன. ஊரும் ஹைவேயும் சேர்த்த சராசரி 9.4 லிட்டரிலிருந்து 8.4 ஆனது. டர்போ அதற்கு மேல் குறைத்தது வெறும் 0.3. அதனால் 2015 மாடல் நல்ல நிலையில் கிடைத்தால் மைலேஜுக்காக மட்டும் 2017ஐத் தேட வேண்டாம். டர்போவின் இழுவை பிடித்திருந்தால் அது வேறு கதை. ஆனால் மேட்டில் அந்த இழுவையை ரசித்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் மைலேஜ் கண்ணெதிரே இறங்கும்.

ஹைபிரிட்டின் குணம் குளிர்காலத்தில்தான் தெரிந்தது. டாஷ்போர்டில் பச்சையாக 'இவி' விளக்கு எரிந்தால் என்ஜின் ஓய்வில் இருக்கிறது என்று அர்த்தம். கோடையில் சிக்னலில் நிற்கும்போது பெரும்பாலும் அது எரிந்துகொண்டே இருக்கும். குளிரில் ஹீட்டரைத் திருகிய கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்து என்ஜின் உறுமத் தொடங்கும், வண்டி நகராமல் நின்றாலும்! உள்ளே வரும் சூடு என்ஜின் சூட்டிலிருந்து எடுக்கப்படுவதால் அது ஓடியே ஆக வேண்டும். கடைக்குப் போய்வருவது போன்ற குட்டிப் பயணங்களில் என்ஜின் முழுதாகச் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும், மைலேஜ் அங்கேதான் அடிவாங்குகிறது. பெட்ரோல் மாடல்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஹைபிரிட்டில் கோடைக் கணக்கு அவ்வளவு நன்றாக இருப்பதால் இறக்கம் உறுத்துகிறது. போதாததற்கு, குளிரில் டயர் காற்றும் தானாகக் குறையும்.

டாஷ்போர்டு காட்டும் மைலேஜை நான் நம்புவதில்லை. மூன்று வண்டியிலும் அது கொஞ்சம் தாராளமாகவே சொன்னது. பங்க்கில் பெட்ரோல் போடும் குழாய் முதல் முறை 'டக்' என்று நின்றதும் நிறுத்தி, டிரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, அடுத்த முறையும் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை அப்போது போட்ட லிட்டரால் வகுத்துப் பார்ப்பதுதான் சரியான கணக்கு. ஒரே டேங்க்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

தினமும் சிக்னல் சிக்னலாக நின்று போகிறவர் என்றால் ஹைபிரிட் வாங்கலாம். வாரம் முழுக்க ஹைவேயில் ஓடுகிறவர் கூடுதல் விலை கொடுக்கும் முன் அந்த 0.4 லிட்டர் வித்தியாசத்தை வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுவிடுங்கள்.